நாணய கிரேடிங்கில் அதிருப்தியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேடிங்குக்கு அனுப்பிய நாணயம் திரும்பி வந்து, லேபிளைப் பார்த்ததும் மனம் வெறுத்துப்போனவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நாணயம் அசலா என்று பார்த்து, அதன் நிலைக்கு ஒரு எண் (கிரேடு) போட்டு, லேபிளோடு பிளாஸ்டிக் பெட்டியில் (ஸ்லாப்) அடைத்துத் தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி, ஏஎன்ஏசிஎஸ் மாதிரியான அமெரிக்க நிறுவனங்களை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறும், அதனால் அனுப்புவதற்கு முன் அன்றைய விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எம்எஸ் 65 கிடைக்கும் என்று நம்பி அனுப்பினேன், 63 போட்டிருக்கிறார்கள். என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. எம்எஸ் என்பது புழக்கத்துக்குப் போகாத நாணயத்துக்குப் போடும் கிரேடு, 60-லிருந்து 70 வரை போகும். வீட்டில் ஒரே நாணயத்தை மாதக்கணக்கில் கையில் வைத்துப் பார்த்தால் அதன் அழகு நமக்குப் பழகிவிடும், நாணயத்தில் உள்ள முகத்தின் கன்னத்தில் இருக்கும் சின்னச் சின்ன உரசல்கள் கண்ணுக்குப் படாமல் போய்விடும். கிரேடர் அதே ரகத்தில் ஆயிரக்கணக்கான நாணயங்களைப் பார்த்தவர், அவர் கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போகும். நம்மில் பலர் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில், அதுவும் பல பக்கமிருந்து விழும் வெளிச்சத்தில் பார்க்கிறோம். அதில் நுண்கீறல்கள் தெரியாது. இருட்டான அறையில் ஒரே ஒரு மேசை விளக்குக்குக் கீழே நாணயத்தை மெதுவாகச் சாய்த்துச் சுழற்றிப் பாருங்கள், 65 என்று நினைத்த நாணயம் 63 ஆனதற்கான காரணம் பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்தும் காரணம் தெரியவில்லையென்றால், உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கலாம். மேலே படியுங்கள்.

எத்தனை பேர் பார்க்கிறார்கள்? எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள்?

வந்து சேர்ந்ததும் பதிவு செய்து, அனுப்பியவர் யார் என்று கிரேடருக்குத் தெரியாதபடி எண் போட்டுப் பிரித்துவிடுவார்கள். வழக்கமாக இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் கிரேடு போடுவார்கள், அதன்பின் மூத்தவர் ஒருவர் முடிவு செய்வார். ஒரு கிரேடர் ஒரு நாணயத்துக்குச் செலவிடும் நேரம் விநாடிக் கணக்குதான். இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் பழகிய கண்ணுக்கு ஒரு சாதாரண நாணயத்துக்கு அந்த நேரம் போதும், அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. 63-க்கும் 64-க்கும் நடுவில் நிற்கும் நாணயத்துக்கும் அதே விநாடிகள்தான் கிடைக்கிறது, அங்கேதான் பிரச்சினை.

அதே நாணயத்தை, ஸ்லாபை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பினேன், வேறு கிரேடு வந்தது. அப்படியானால் இதற்கு என்ன மதிப்பு?

இதுதான் நியாயமான புகார்களில் முதலாவது. கிரேடு என்பது எடை மாதிரி அளந்து சொல்லும் விஷயம் கிடையாது, பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேரின் கருத்து. அந்த 1 முதல் 70 வரையான எண்களின் கதையே அப்படித்தான். அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்களுக்காக 1949-இல் வில்லியம் ஷெல்டன் கொண்டுவந்த முறை அது. 70 தரத்தில் இருப்பது 1 தரத்தில் இருப்பதைப் போல 70 மடங்கு விலை பெறும் என்ற கணக்கில், விலையோடு சேர்த்துப் பிறந்த அளவுகோல். பிற்பாடு எல்லா நாணயங்களுக்கும் அதையே பொருத்தினார்கள். புழக்கத்துக்கே போகாத நாணயங்களுக்கு மட்டும் 60 முதல் 70 வரை 11 படிகள், 2010-இல் பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் நடுவில் பிளஸ் கிரேடையும் சேர்த்தன. இவ்வளவு மெல்லிய படிகளை மனிதக் கண் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிரித்துவிடாது.

சரி, கருத்துதானே என்று விட்டுவிட முடியுமா என்றால், முடியாது. கருத்தை விற்கும்போது விளம்பரம் அளவீட்டை விற்பது போல இருக்கக் கூடாது. இந்த விஷயம் அரசாங்கம் வரைக்கும் போயிருக்கிறது. பிசிஜிஎஸ் தன் கிரேடிங் புறவயமானது, மாறாதது என்று விளம்பரத்தில் மிகைப்படுத்துகிறது என்று 1990-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமல் சமரசம் செய்துகொண்டு, விளம்பரங்களில் எச்சரிக்கை வாசகம் சேர்க்கச் சம்மதித்தது. அந்த நிறுவனம் வேலையைத் தொடங்கியது 1986-இல், அதாவது நான்கே வருடத்தில் இந்தப் புகார் வந்துவிட்டது.

ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை?

பணம்தான். விலை எண்ணோடு சீராக ஏறுவதில்லை, சில இடங்களில் ஒரேயடியாக எகிறும். 1884-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புழக்கத்தில் தேய்ந்தது சுலபமாகக் கிடைக்கும், விலையும் சாதாரணம். அதுவே புழக்கத்துக்குப் போகாதது என்று லேபிள் சொன்னால் பல மடங்கு. லேசாக மட்டுமே புழங்கியது என்று சொல்லும் ஏயூ 58-க்கும் எம்எஸ்ஸுக்கும் நடுவில் இருப்பது கன்னத்திலும் தலைமுடியிலும் லேசாகப் பளபளப்பு அறுந்திருக்கிறதா என்ற கேள்வி மட்டுமே. அது தேய்மானமா, அச்சு சரியாக விழாததா, அலமாரித் தட்டில் உரசியதா என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தில் நிற்கும் பணத்தை நினைத்தால் கோபப்படுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண் மட்டும் இல்லை, கூடவே வரும் சொற்களிலும் இதே கதைதான். செம்பு நாணயத்தில் அசல் சிவப்பு ஏறக்குறைய முழுசாக இருந்தால் ரெட், கொஞ்சம் மங்கினால் ரெட் பிரவுன். மெர்குரி டைம் என்ற பழைய அமெரிக்க 10 சென்ட் நாணயத்தின் பின்பக்கத்தில் உள்ள கோல்கட்டின் குறுக்குப் பட்டைகள் முழுதாகப் பிரிந்திருந்தால் ஃபுல் பேண்ட்ஸ். ஒரு மெல்லிய கோட்டுக்காக விலை தாவும்.

"கிளீன்ட்" என்று டீடெய்ல்ஸ் லேபிள் வந்திருக்கிறது. நான் நாணயத்தைத் தொடவே இல்லையே?

டீடெய்ல்ஸ் என்றால் நாணயம் அசல்தான், ஆனால் குறை இருப்பதால் வழக்கமான கிரேடு தரவில்லை என்று பொருள். நீங்கள் தொடாமல் இருந்திருக்கலாம், உங்களுக்கு முன் அது பல கைகள் மாறி வந்திருக்கும். பழைய காலச் சேகரிப்பாளர்கள் நாணயத்தைத் துடைத்து மின்ன வைப்பதைத் தப்பாகவே நினைத்ததில்லை. நூறு வருடத்துக்கு முன் யாரோ துணியால் தேய்த்திருப்பார், அதன்மேல் மறுபடி நிறம் ஏறியிருக்கும். நமக்கு அது இயற்கையான பழுப்பாகத் தெரியும், சாய்த்துப் பார்த்தால் அடியில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள் தெரியும். வெள்ளி நாணயத்தை அமிலக் கரைசலில் முக்கி எடுப்பதும் உண்டு. ஒரு முறை லேசாக முக்கியதைச் சந்தை பொறுத்துக்கொள்ளும், கிரேடும் கிடைக்கும். பல முறை முக்கினால் அச்சடிக்கும்போது உலோகம் ஓடி மேற்பரப்பில் உண்டான நுண்ணிய ஓட்டக் கோடுகள் கரைந்துவிடும், வெள்ளையாக இருந்தாலும் உயிர் இருக்காது. அதை எந்த இடத்தில் நிறுத்திப் "போதும்" என்று சொல்வது என்பதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது. என் பார்வையில் கிரேடிங் முழுவதிலும் அதிக மனக்கசப்பு உண்டாகும் இடம் இதுதான், ஏனென்றால் அதே அளவு கோடுகள் உள்ள இன்னொரு நாணயம் நேரான கிரேடோடு விற்பனைக்கு இருப்பதைப் பார்க்க நேரிடுகிறது.

லேபிளில் சில நிறுவனங்கள் சொல்லாகவே எழுதும். பிசிஜிஎஸ் குறியீட்டு எண்ணும் வைத்திருக்கிறது: 91 என்றால் சந்தேகத்துக்குரிய நிறம், 92 கிளீனிங், 95 கீறல், 97 சூழல் பாதிப்பு, 98 சேதம். நிறப் பிரச்சினை என்று வந்தால் வாதாட இடம் கொஞ்சம் உண்டு, இயற்கையா செயற்கையா என்பது உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. கீறல் என்று வந்தால் லூப்பை (சின்ன உருப்பெருக்கியை) எடுத்துத் தேடுங்கள், இருக்கும்.

டீடெய்ல்ஸ் வந்தாலும் முழுக் கட்டணம்தான், திருப்பித் தர மாட்டார்கள். அவர்கள் செய்த வேலை ஒன்றுதான் என்பது அவர்கள் பக்க நியாயம்.

எங்கே குறை என்று கேட்டால் பதிலே வருவதில்லை. காரணம் சொல்லக் கூடாதா?

சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் மேல் எனக்கு இருக்கும் மிகப் பெரிய வருத்தம் இது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு எண்ணை மட்டும் கொடுக்கிறார்கள். கன்னத்து உரசல், மந்தமான பளபளப்பு, பலவீனமான அச்சு என்று மூன்று சொல் எழுதினால் அனுப்பியவர் அடுத்த முறை சரியான நாணயத்தைத் தேர்ந்தெடுப்பார். எழுதினால் வேலை மெதுவாகும், எழுதிய ஒவ்வொரு சொல்லும் தகராறுக்கு வழி திறக்கும் என்பது அவர்கள் கவலையாக இருக்கலாம். ஆனால் காரணம் தெரியாத தீர்ப்பை யாரும் மனதார ஏற்பதில்லை, அதனால்தான் ஒரே நாணயம் மறுபடி மறுபடி அவர்களிடமே போகிறது. அந்த ஒவ்வொரு முறையும் அவர்களுக்குப் புதிய கட்டணம் வருகிறது என்பதையும் சேகரிப்பாளர்கள் கவனிக்காமல் இல்லை.

உத்தரவாதம் இருக்கிறதே, அதை வைத்து நஷ்டஈடு கேட்க முடியாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். உத்தரவாதம் காப்பது கிரேடு அதிகமாகப் போடப்பட்ட நாணயத்தை வாங்கியவரை. அதாவது 65 என்று லேபிள் உள்ள நாணயத்தை வாங்கினீர்கள், மறுபரிசீலனையில் அது 64-தான் என்று நிறுவனமே முடிவு செய்தது, அப்போது விலை வித்தியாசத்தைக் கொடுப்பார்கள் அல்லது நாணயத்தை எடுத்துக்கொள்வார்கள். போலி என்று தெரிந்தாலும் அப்படித்தான். கிரேடு குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்ற புகாருக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இதை மனதில் வைத்து யோசித்துப் பாருங்கள். தாராளமாகப் போட்டுத் தவறினால் நிறுவனத்தின் பணம் போகும், கறாராகப் போட்டுத் தவறினால் உங்கள் பணம் போகும். நடுவில் தடுமாறும் நாணயம் எந்தப் பக்கம் சாயும்? யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அமைப்பு அந்தப் பக்கம் சரிந்து நிற்கிறது என்கிறேன். அனுப்பியவருக்கும் ஏதாவது ஒரு பாதுகாப்பு, குறைந்தபட்சம் மறுபரிசீலனையில் கிரேடு ஏறினால் அந்த முறைக்கான கட்டணமாவது திரும்பக் கிடைக்க வேண்டும்.

விலக்குகளையும் படித்துவிடுங்கள். லேபிளில் வருடமோ ரகமோ தப்பாக அச்சானது மாதிரி கண்ணுக்குத் தெரியும் எழுத்துப் பிழை, உடைத்துத் திறந்த ஸ்லாப், பிற்பாடு வந்த புள்ளிகள், சூழலால் வந்த மாற்றம் இதெல்லாம் பொதுவாக உத்தரவாதத்துக்கு வெளியே. பிசிஜிஎஸ் செம்பு நாணயங்களின் நிறத்தையும் விலக்கிவிட்டது.

70 கிரேடு வெள்ளி நாணயம் வாங்கினேன், பிறகு வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டன. இப்போது?

பால் புள்ளி என்று சொல்வது இதைத்தான், நவீன வெள்ளி நாணயங்களில் நிறைய வரும். 70 என்றால் 5 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியாதது என்று பொருள், ஆனால் அது கிரேடு போட்ட அன்றைய நிலை. ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி கிடையாது, புள்ளிக்கான விதை பல நேரம் நாணயச் சாலையிலேயே விழுந்துவிடுகிறது. புகார் செய்தால் விலக்கு விதியைக் காட்டுவார்கள். 70-க்காக அதிக விலை கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய டீலர்களுக்கு மட்டும் நல்ல கிரேடு கிடைக்கிறதாமே?

பெயர் மறைத்துத்தான் கிரேடு போடுகிறார்கள் என்பதால் இதை அப்படியே நான் நம்பவில்லை. ஆனால் டீலருக்கு வேறு சாதகங்கள் உண்டு. அவர் நூறு நாணயத்தில் பத்தைப் பொறுக்கி அனுப்புவார், கிரேடு பிடிக்கவில்லையென்றால் உடைத்து இன்னொரு முறை அனுப்பும் வசதி அவருக்கு இருக்கிறது, மொத்தமாக அனுப்பும்போது இந்தக் கிரேடுக்குக் கீழே வந்தால் ஸ்லாப் போட வேண்டாம் என்று சொல்லும் வசதியும் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது அவருடைய வெற்றிகளை மட்டும்தான்.

சொன்ன நாளைத் தாண்டி வாரக்கணக்கில் ஆகிறது. பணம் திரும்பக் கேட்கலாமா?

அவர்கள் சொல்வது உத்தேச நாள்தான், அதுவும் வேலை நாள், அதுவும் பெட்டி வந்து சேர்ந்த நாளிலிருந்து இல்லை, பதிவு செய்த நாளிலிருந்து. வருவதற்கும் பதிவதற்கும் நடுவிலேயே நிறைய நாள் போய்விடும். 2021 வாக்கில் சேகரிப்புப் பொருட்களின் மேல் எல்லோருக்கும் ஆசை வந்தபோது தாமதம் எல்லை மீறியது. ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் விற்றாக வேண்டிய நாணயம் என்றால் மலிவான சேவையில் அனுப்பாதீர்கள்.

நான் கட்டியதை விட அதிகமாகக் கட்டணம் எடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு சேவைக்கும் நாணயத்தின் மதிப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கிரேடு போட்ட பின் மதிப்பு அதைத் தாண்டினால் அடுத்த படிக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்கள். மதிப்பைக் கணக்கிடுவது அவர்களுடைய விலைப்பட்டியலை வைத்துத்தான் என்பது பலருக்கு உறுத்துகிறது, எனக்கும் உறுத்துகிறது. பட்டியல் விலைக்குச் சந்தையில் ஆள் கிடைக்காத நாணயங்கள் ஏராளம். அதற்காக மதிப்பைக் குறைத்துச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள், வழியில் தொலைந்தால் அந்தக் குறைத்த தொகைதான் கைக்கு வரும். கிரேடிங் கட்டணத்தோடு உறுப்பினர் சந்தா, ரகம் கண்டறியும் கட்டணம், திரும்பி வரும் அஞ்சலும் காப்பீடும் எல்லாம் சேரும், அதனால் மொத்தத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அனுப்பும்போது இல்லாத கீறல் ஸ்லாபுக்குள் தெரிகிறது.

முதலில் அது நாணயத்திலா பிளாஸ்டிக்கிலா என்று பாருங்கள், பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். நாணயத்தில்தான் என்றால் அனுப்புவதற்கு முன் எடுத்த தெளிவான படம் வேண்டும், இரண்டு பக்கமும் விளிம்பும். படம் இல்லாத புகாரை நிரூபிக்க வழியே இல்லை. இன்னொன்று, ஸ்டேபிள் அடித்த அட்டையிலிருந்து அவசரமாகப் பிரிக்கும்போது அந்தக் கம்பி முனையே கீறிவிடும், நிறைய நாணயம் இப்படிக் கெட்டுப்போகிறது. பிவிசி கலந்த மென்மையான உறையில் பல வருடம் வைத்திருந்தால் பச்சைப் பசை படியும், அதுவும் டீடெய்ல்ஸில் கொண்டுபோய் விடும். நிறுவனங்கள் பிவிசி இல்லாத கடினமான உறையில்தான் அனுப்பச் சொல்கின்றன.

லேபிளில் மட்டும் பிழை என்றால் கவலை வேண்டாம், இது சுலபமாகத் தீரும். உடனே படத்தோடு எழுதுங்கள், அவர்கள் தவறு என்றால் திருத்தித் தருவார்கள்.

முன்பெல்லாம் கறாராக இருந்தார்கள், இப்போது தளர்ந்துவிட்டார்கள் என்கிறார்களே?

பழைய 64 இன்று 65 ஆக வருகிறது என்பது சேகரிப்பாளர்கள் நடுவே பரவலாக உள்ள நம்பிக்கை, பிசிஜிஎஸ்ஸின் பழைய பச்சை லேபிள் ஸ்லாபுகளுக்குக் கூடுதல் விலை கிடைப்பதே அதனால்தான். ஆனால் உயரும் வாய்ப்பு உள்ளதை எல்லாம் பலர் ஏற்கெனவே உடைத்து அனுப்பிவிட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும், இன்னும் பழைய பெட்டியிலேயே இருப்பது எல்லாமே ரத்தினம் கிடையாது. இந்த அதிருப்தியிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது. 2007-இல் தொடங்கிய சிஏசி, பிசிஜிஎஸ்ஸும் என்ஜிசியும் கிரேடு போட்ட நாணயங்களை மறுபடி பார்த்து, அந்தக் கிரேடுக்கு உறுதியானது என்றால் பச்சை ஸ்டிக்கரும், குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால் தங்க நிற ஸ்டிக்கரும் கொடுத்தது. தீர்ப்புக்கு மேல் தீர்ப்பு சொல்ல ஆள் தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. 2023-இல் அவர்களே நேரடியாக கிரேடிங்கும் தொடங்கினார்கள்.

உடைத்து மறுபடி அனுப்பட்டுமா, அல்லது வேறு நிறுவனத்துக்கு மாற்றட்டுமா?

உடைத்தால் உத்தரவாதம் போய்விடும், கிரேடு இறங்கவும் செய்யலாம், டீடெய்ல்ஸும் ஆகலாம், உடைக்கும்போது கை தவறி நாணயம் கெடவும் செய்யலாம். அடுத்த கிரேடுக்கான விலை வித்தியாசம் பல முறை கட்டணத்தைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் மட்டுமே யோசியுங்கள். அதற்கு முன் பாதுகாப்பான வழியைப் பாருங்கள். பிசிஜிஎஸ்ஸில் ரீகன்சிடரேஷன் என்று உண்டு, ஸ்லாபிலிருந்து எடுக்காமலே மறுபடி பார்ப்பார்கள், ஏறினால் ஏறும், இல்லையென்றால் அப்படியே திரும்பும். வேறு நிறுவனத்துக்கு மாற்றும் கிராஸ்ஓவரிலும் குறைந்தபட்சக் கிரேடு எழுதலாம், அது கிடைக்காவிட்டால் பழைய ஸ்லாபிலேயே வரும், கட்டணம் மட்டும் போய்விடும்.

உடைத்தே தீருவேன் என்றால் பழைய லேபிளை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கிரேடில் எத்தனை நாணயம் இருக்கிறது என்று அவர்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலில் ஒரே நாணயம் இரண்டு மூன்றாகப் பதிவாகி, மற்றவர்கள் அதை நம்பி விலை கணக்கிடுவார்கள்.

புகார் எழுதினால் பலன் உண்டா?

எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லேபிள் பிழை, ரகம் தப்பு, அதிகக் கட்டணம், சேதம், போலி, தெளிவாக அதிகமாகப் போட்ட கிரேடு இதற்கெல்லாம் வழி இருக்கிறது. "இது 65-ஆக இருந்திருக்க வேண்டும்" என்பதற்கு வழி இல்லை, மறுபரிசீலனைக் கட்டணம்தான் வழி. எழுதும்போது சான்று எண், அனுப்பிய படிவ எண், முன்பும் பின்பும் எடுத்த படங்கள், என்ன செய்து தர வேண்டும் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். நான்கு பக்கக் கோபம் படிக்கப்படாது. தொலைபேசியில் பேசினாலும் அதன் சுருக்கத்தை அன்றே மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள்.

அப்படியானால் அனுப்பாமலே இருந்துவிடலாமா?

பல நாணயங்களுக்கு அதுதான் சரி. போலி அதிகம் உலவும் ரகம், கிரேடுக்குக் கிரேடு விலை எகிறும் ரகம், வாரிசுகள் விற்க வேண்டி வரலாம் என்ற விலையுயர்ந்த நாணயம், இவற்றுக்கு ஸ்லாப் தேவை. குறிப்பாகப் போலியைக் கண்டுபிடிப்பதில் இந்த நிறுவனங்கள் செய்திருப்பது பெரிய காரியம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். மற்றபடி ஒரு கணக்குப் போடுங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் கிரேடுக்கு ஒரு படி கீழே வந்தால் என்ன விலை போகும், அதிலிருந்து எல்லாக் கட்டணத்தையும் கழித்தால் இப்போது ஸ்லாப் இல்லாமல் விற்கும் விலையை விட அதிகம் நிற்கிறதா? நிற்கிறது என்றால் அனுப்புங்கள். எதிர்பார்க்கும் கிரேடு வந்தால்தான் லாபம் என்கிற நாணயத்தை நல்ல உறையில் போட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.